ரெண்டாவது ரெய்ட் கார்ட் கிடைக்குமான்னு பாத்துட்டு முதல் கார்டை வாங்குங்க

2022 மார்ச் மாசக் கடைசி. இலங்கைல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டுன நேரம், யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கேஸுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. அந்த வாரத்துலதான் எங்க சர்வர்ல இருந்த மூணு நாள் ஸ்கேன் மொத்தமா போச்சு.

எங்க சர்வர்னா என்னன்னு முதல்ல சொல்லிர்றேன். ஹட்டன் பக்கத்துல ஒரு வாசிகசாலைக்குப் பின்னால இருக்கிற சின்ன ரூம்ல நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து தேயிலைத் தோட்டத்து ஆளுங்க வச்சிருக்கிற பழைய காயிதம், போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்கிறோம். செக்றோல் (ஆளுங்க பேரும் வேலை நாளும் பதியிற தோட்டத்துப் பதிவேடு) பக்கங்க, 1948-க்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்தோட கொப்பி, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போனவங்க ஊர்ல இருந்து எழுதுன கடிதாசி, பெரட்டுக்களத்துல (காலைல வேலைக்கு ஆள் கூடுற இடம்) நிக்க வச்சு எடுத்த போட்டோ, இப்படி. ஆளுங்க தகரப் பெட்டியோட வருவாங்க, நாங்க ஸ்கேன் எடுத்துட்டு அன்னைக்கே திருப்பிக் குடுத்துருவோம், ஏன்னா அது அவங்க பாட்டன் பூட்டன் சொத்து, ஒரு ராத்திரி கூட விட்டுட்டுப் போக மனசு வராது. அப்படிப் போன பெட்டி மறுபடி வராது. லயத்துக் கூரை ஒழுகும், கரையான் அரிக்கும், மண்சரிவு வந்தா வீடே இருக்காது. அதனால எங்க டிஸ்க்குல இருக்கிற கொப்பிதான் பல காயிதத்துக்கு மிச்சம் இருக்கிற ஒரே கொப்பி.

அந்த மூணு நாள்ல வந்தவங்கள்ல பாதிப் பேரைத் தேடிப் போய் மறுபடி எடுத்தோம். ஒரு அம்மா மட்டும் அதுக்குள்ள பெட்டியோட வத்தளைல இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க, அங்க வீடு மாத்தும்போது பெட்டி எங்க போச்சுன்னே தெரியலன்னாங்க. அந்தப் பெட்டில அவங்க அப்பா பேர் போட்ட செக்றோல் பக்கம் ஒண்ணு இருந்துச்சு, நான் கையில பிடிச்சு கண்ணாடில வச்சது, இன்னும் ஞாபகம் இருக்கு.

தப்பு எங்க நடந்துச்சுன்னு சொல்லணும், ஏன்னா ரெய்ட் கார்ட், அதாவது நிறைய டிஸ்க்கை ஒண்ணாச் சேத்து, ஒண்ணு ரெண்டு செத்தாலும் டேட்டா போகாமப் பாத்துக்கிற கார்ட், வாங்குற எல்லாருக்கும் அதுதான் முக்கியம். எங்ககிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட் சர்வர், உள்ள ஒரு ரெய்ட் கார்ட், அதுல 512 எம்.பி கேஷ் மெமரி (டிஸ்க்குக்குப் போறத தற்காலிகமா வாங்கி வைக்கிற மெமரி), அதுக்கு ஒரு பேட்டரி. பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு. கார்டை மூடியிருந்த தகரத்தைக் கழட்டிப் பாத்தப்ப அந்தக் கறுப்பு பேக் தலகாணி மாதிரி உப்பியிருந்துச்சு, ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நடுவுல கிழிஞ்சிருந்துச்சு. பேட்டரி சரியில்லன்னா கார்ட் தானாவே ரைட் த்ரூன்னு ஒரு முறைக்கு மாறிரும், அதாவது டிஸ்க்குல எழுதி முடிச்ச பிறகுதான் 'எழுதிட்டேன்'னு கம்பியூட்டருக்குச் சொல்லும். அதுதான் பத்திரம், ஆனா ரொம்ப ஸ்லோ. எங்களுக்கு ஒரு பெரிய ஃபைல் ஏத்துறதே பாடா இருந்துச்சு. நான் செட்டிங்க்ல போய் 'பேட்டரி இல்லாட்டியும் ரைட் பேக்'னு மாத்தி வச்சேன். வேகம் பறந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ரைட் பேக்னா என்ன, கார்ட் தன் மெமரில வாங்கி வச்சிக்கிட்டு 'எழுதிட்டேன்'னு சொல்லிரும், டிஸ்க்குக்குப் பிறகு சாவகாசமா அனுப்பும். நடுவுல கரண்ட் போனா அந்த மெமரில இருந்தது அவ்வளவுதான். யு.பி.எஸ் இருந்துச்சு, ஆனா அவ்வளவு நேரம் கரண்ட் வெட்டும்போது யு.பி.எஸ் பேட்டரி சார்ஜ் ஏற நேரம் எங்க. ஏழு நிமிஷத்துல அதுவும் படுத்துருச்சு. கரண்ட் வந்த பிறகு போட்டா ஃபைல் சிஸ்டம் திறக்கல, ரிப்பேர் ஓட விட்டா பாதி ஃபைல் பேரில்லாம வெறும் நம்பரா வந்துச்சு, மிச்சம் சைபர் பைட். கேஷ்ல போனது சின்ன அளவா இருக்கலாம், ஆனா அதுக்குள்ள ஃபைல் சிஸ்டத்தோட கணக்குப் புத்தகமும் இருந்துச்சே, அது போனா எது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

அந்த முடிவு என்னோடது. அதுக்குப் பிறகு நாலு மாசம் ரெய்ட் கார்டைப் பத்தி கெடைச்சதெல்லாம் வாசிச்சேன், கொழும்புக்கு மூணு தடவ போனேன், இப்ப எழுதுறதெல்லாம் அதுல இருந்து வந்தது.

கடைல போய் கேட்டீங்கன்னா முதல்ல வேகத்தைத்தான் சொல்லுவாங்க. 12 ஜிகாபிட், 8 போர்ட், 16 போர்ட், பி.சி.ஐ.இ ஜென் 4 (கார்டை மதர்போர்டுல சொருகுற ஸ்லாட்டோட தலைமுறை). நாங்க மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் முடிஞ்சிரும். எங்க சர்வர்ல 12 டிஸ்க். ஒரு சாதாரண பெரிய ஹார்ட் டிஸ்க் நேரா வாசிச்சா செக்கனுக்கு 200 எம்.பி மாதிரி வரும், 12-க்கும் சேத்து 2,400 எம்.பி. டிஸ்க்குங்க சொருகுற பேக்பிளேன்ல எக்ஸ்பாண்டர் (ஒரு கேபிளை நிறைய டிஸ்க்குக்குப் பிரிச்சுக் குடுக்கிற சிப்பு) இருந்தா கார்ட்ல இருந்து ஒரே ஒரு கேபிள் போதும், அந்த ஒரு கேபிள்ல நாலு லேன் (பாதை), லேனுக்கு 12 ஜிகாபிட், கழிவு போக 4,800 எம்.பி போகும். இதெல்லாம் பெரிய நம்பர்தான், ஆனா எங்க ரூம்ல இருக்கிற நெட்வொர்க் 1 ஜிகாபிட், அதுல செக்கனுக்கு 110 எம்.பிக்கு மேல எதுவும் வராது. 10 ஜிகாபிட் போட்டாலும் 1,100 சொச்சம். ஆக ஜென் 3 ஸ்லாட்ல போற 8 போர்ட் கார்டே எங்களுக்குத் தாராளம். எல்லாம் எஸ்.எஸ்.டின்னா, இல்ல அறுபது எழுபது டிஸ்க் போடுற பெட்டின்னா கதை வேற, அவங்க புது கார்டுக்குத்தான் போகணும்.

அப்ப கேஷ் எதுக்குன்னு கேப்பீங்க. ரெண்டு டிஸ்க் செத்தாலும் தாங்குற ரெய்ட் 6-ல சின்னதா ஒரு துண்டு எழுதணும்னா கார்ட் பழைய டேட்டாவையும் ரெண்டு பாரிட்டியையும் (செத்த டிஸ்க்குல இருந்தத மறுபடி கணக்குப் போட்டு எடுக்க வைக்கிற கூடுதல் தகவல்) வாசிச்சு, புதுசா கணக்குப் போட்டு மறுபடி மூணையும் எழுதணும், ஒரு எழுத்துக்கு ஆறு வேலை. கேஷ் இருந்தா சின்னச் சின்னதா வர்றத சேத்து வச்சு ஒரு முழு வரிசையா ஒரே மூச்சுல எழுதிரும், பழசை வாசிக்கிற வேலையே இல்லாமப் போயிரும். அதனாலதான் கேஷை நிப்பாட்டுனா அவ்வளவு ஸ்லோ ஆகுது. கேஷ் கட்டாயம் வேணும், அதனால அந்தக் கேஷுக்குக் காவல் இருக்கணும்.

காவல் ரெண்டு விதம். பழைய முறை பேட்டரி. லித்தியம் பேட்டரி கேஷ் மெமரிக்கு கரண்ட் குடுத்துக்கிட்டே இருக்கும், கார்டையும் பேட்டரியோட நிலைமையையும் பொறுத்து ரெண்டு நாள், மிஞ்சிப் போனா மூணு நாள் தாங்கும். அதுக்குள்ள மெயின் கரண்ட் வந்துட்டா மெமரில இருந்தத டிஸ்க்குல எழுதிரும். கொழும்புல இருக்கிறவங்களுக்கு மூணு நாள் போதும். நம்ம பக்கம் ஜூன் ஜூலைல தென்மேல் காத்து அடிச்சு ஒரு சவுக்கு மரம் லைன் மேல விழுந்துச்சுன்னா, ரோட்டுலயும் மண் சரிஞ்சு கெடந்தா, மேல் டிவிசன்ல நாலு நாள் அஞ்சு நாள் இருட்டுல இருந்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கு. காசல்ரீயும் மவுசாகலையும் கண்ணுக்கு முன்னால தெரியுது, லக்சபானைல இருந்து நாட்டுக்கே கரண்ட் போகுது, ஆனா லைன் அறுந்தா முதல்ல இருட்டாகிறதும் கடைசியா வெளிச்சம் வர்றதும் தோட்டந்தான். மூணு நாள் கணக்கு இங்க சரிப்படாது.

புது முறைல பேட்டரிக்குப் பதிலா சூப்பர் கெபாசிட்டர். கரண்ட் போன உடனே அது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கார்டை உயிரோட வச்சிருக்கும், அதுக்குள்ள கார்ட் தன் கேஷ்ல இருந்த எல்லாத்தையும் கூடவே இருக்கிற ஃபிளாஷ் மெமரில கொப்பி பண்ணிரும். பிறகு கரண்ட் ஒரு வாரம் வராட்டியும் கவலையில்ல, பென் டிரைவ்ல இருக்கிற மாதிரி அது அங்கயே கெடக்கும். மெகாரெய்ட்ங்கிற பிராண்ட் கார்டுல இதுக்கு கேஷ்வால்ட்னு பேர். பேட்டரின்னா ரெண்டு மூணு வருஷத்துல மாத்தணும், அதுக்கிடையில மாசத்துக்கு ஒருக்கா மாதிரி தன்னைத்தானே சோதிக்க சார்ஜை இறக்கி ஏத்தும், அந்த நேரம் கார்ட் ரைட் த்ரூக்கு மாறும், என்னடா திடீர்னு இழுக்குதுன்னு தலைய பிச்சுக்குவோம். கெபாசிட்டருக்கு அந்த இம்சை இல்ல. இன்னொண்ணு, லித்தியம் பேட்டரியைத் தனியா வெளிநாட்டுல இருந்து விமானத்துல வரவைக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல, நிறைய கடைக்காரங்க அனுப்பவே மாட்டாங்க. நான் ரெண்டு இடத்துல ஆர்டர் போட்டு ரெண்டும் கேன்சல் ஆச்சு. அங்கயே முடிவு பண்ணிட்டேன், கேஷ்வால்ட் இல்லாத கார்ட் வேண்டாம்னு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது ஒரு விஷயம் கவனிங்க, அந்த கெபாசிட்டர் கார்டுல ஒட்டிக்கிட்டு வராது, ஒரு வயர்ல தொங்குற தனிப் பெட்டி. சர்வரைப் பிரிக்கிறவங்க கார்டை மட்டும் உருவி எடுத்து விப்பாங்க, கெபாசிட்டர் பழைய கேஸுக்குள்ளயே கெடக்கும், குப்பைக்குப் போயிரும். சில கார்டுல ஃபிளாஷ் மெமரியும் தனி போர்டு. 'கேஷ்வால்ட் சப்போர்ட் பண்ணும்'னு போட்டிருந்தா கேஷ்வால்ட் கூட வருதுன்னு அர்த்தமில்ல. வயர், பெட்டி, சின்ன போர்டு எல்லாம் போட்டோல இருக்கான்னு பாத்துட்டு சல்லியக் குடுங்க.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசால ஒரு தம்பி கடை வச்சிருக்காரு, அவரும் நம்ம பக்கம்தான், தலவாக்கலைல படிச்சவரு. அவருகிட்ட போய் புது கார்ட் ஒண்ணைக் காட்டச் சொன்னேன். அவரு எடுத்துக் காட்டாம முதல்ல ஒரு கேள்வி கேட்டாரு.

"அண்ணே, இந்தக் கார்ட் செத்துப் போனா என்ன பண்ணுவீங்க?"

"இன்னொண்ணு வாங்குவேன்."

"என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. அடுத்தது சிங்கப்பூர்ல இருந்து வரணும், ஒரு மாசமும் ஆகலாம், டாலர் ஏறுனா கொண்டு வரவே மாட்டேன். ஒரு மாசம் உங்க ஆர்க்கைவை மூடி வப்பீங்களா?"

நான் அதுவரைக்கும் டிஸ்க் சாகுறதப் பத்திதான் யோசிச்சிருந்தேன். ரெய்ட் எதுக்கு, டிஸ்க் செத்தா தாங்குறதுக்கு. ஆனா ஹார்ட்வேர் ரெய்ட்ல டிஸ்க்குங்க எந்த வரிசைல இருக்கு, எந்த டிஸ்க்குல எந்தத் துண்டு இருக்குங்கிற விவரத்தை அந்தக் கம்பனி கார்ட் தன் சொந்த எழுத்துல டிஸ்க்கோட ஓரத்துல எழுதி வச்சிருக்கும். வேற கம்பனி கார்டுல சொருகுனா அதுக்கு அந்த எழுத்து புரியாது, டிஸ்க் 12-ம் நல்லா இருந்தும் உள்ள இருக்கிறது வாசிக்க ஏலாது. ஆக 12 டிஸ்க்குல ரெண்டு செத்தா தாங்குற பெட்டி, ஒரு கார்ட் செத்தா நின்னுரும். அதனால கார்டை எடை போடும்போது நான் கேக்க வேண்டியிருந்த கேள்வி, இதே மாதிரி இன்னொண்ணு இன்னைக்கும் அஞ்சு வருஷம் கழிச்சும் எனக்குக் கைக்குக் கிடைக்குமாங்கிறதுதான்.

இந்தக் கேள்வியோட தேடுனா பதில் தலைகீழா வருது. புத்தம் புது மாடல் தோத்துரும், உலகம் பூரா லட்சக்கணக்குல ஓடி இப்ப பழைய சர்வர்கள்ல இருந்து கழண்டு வர்ற மாடல் ஜெயிக்கும். நான் எடுத்தது மெகாரெய்ட் 9361-8ஐ. உள்ள இருக்கிற சிப்பு எஸ்.ஏ.எஸ் 3108, 12 ஜிகாபிட், ஜென் 3, கேஷ் 1 ஜி.பிலயும் 2 ஜி.பிலயும் வந்துச்சு. அதே சிப்பைத்தான் டெல் காரங்க பெர்க் எச்730-ல போட்டாங்க, லெனோவோ எம்5210-ல போட்டாங்க, சூப்பர்மைக்ரோவும் தன் பேர்ல ஒண்ணு போட்டுச்சு. அதனால டிரைவர், டூல், தெரிஞ்ச ஆளு எல்லாம் தாராளமா கிடைக்குது. தேடும்போது மூணு பேர்ல தேடுங்க, பழைய கார்டுல எல்.எஸ்.ஐன்னு இருக்கும், 2014-ல எல்.எஸ்.ஐயை அவாகோ வாங்குச்சு, 2016-ல அவாகோ பிராட்காமையே வாங்கி அந்தப் பேரை எடுத்துக்கிச்சு. பொருள் ஒண்ணுதான், ஸ்டிக்கர்தான் வேற. அடாப்டெக்ங்கிற இன்னொரு ரெய்ட் கார்ட் கம்பனிக்கும் இதே கதை, அதை வாங்குனவங்க 2010-ல பி.எம்.சி சியெரா, 2016-ல மைக்ரோசெமி, 2018-ல மைக்ரோசிப்.

ரொம்பப் பழசுக்கும் போயிராதீங்க. டெல்லோட பெர்க் 6 காலத்துக் கார்டெல்லாம் 2 டி.பிக்கு மேல உள்ள டிஸ்க்கை முழுசா எடுத்துக்காது, 8 டி.பி டிஸ்க்கை சொருகிட்டு 2 டி.பியைப் பாத்துக்கிட்டு நிக்கணும். ரெட் ஹாட் லினக்ஸ் 8 வந்தப்ப பழைய தலைமுறை கார்டுங்க கொஞ்சத்துக்கு சப்போர்ட்டை எடுத்துட்டாங்க, அதனால எந்த ஓ.எஸ் போடப் போறீங்களோ அதோட லிஸ்ட்டைப் பாருங்க. டெல் சர்வர்ல இருந்து கழட்டுன பெர்க் கார்டுல மினி மோனோன்னு ஒரு வகை இருக்கு, அது அந்த சர்வரோட ஸ்லாட்டுக்கு மட்டுந்தான் பொருந்தும், சாதாரண போர்டுல சொருக இடமே இருக்காது, விலை மலிவா இருக்கேன்னு வாங்கிட்டு முழிச்சவங்க நிறைய. சாதாரண ஸ்லாட் வகையா இருந்தும் சில மதர்போர்டுல போட்டா பூட் ஆகாது, அப்ப கார்டோட தங்கக் கால்கள்ல அஞ்சாவது ஆறாவது காலை மட்டும் சின்னதா டேப் வெட்டி மூடுவாங்க, உடனே எடுக்கும். பிறகு டூப்ளிகேட். பேர் போன மாடலுக்கெல்லாம் போலி இருக்கு, அச்சு மங்கலா இருக்கும், சீரியல் நம்பர் ஸ்டிக்கர்ல ஒண்ணு, டூல்ல பாத்தா இன்னொண்ணு. காசு குடுக்க முன்னால கடைலயே ஒரு மிஷின்ல சொருகி நம்பரை ஒத்துப் பாக்கச் சொல்லுங்க, நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டாரு.

ரெய்ட் லெவலைப் பத்திப் பெருசா யோசிக்கல, 6-தான். 8 டி.பி டிஸ்க் 12 போட்டு அதுல ஒண்ணு செத்தா, செக்கனுக்கு 150 எம்.பின்னு வச்சாலும் புது டிஸ்க்கை நிரப்ப 15 மணித்தியாலம் ஆகும், அதுவும் யாரும் தொடாம இருந்தா. ஆளுங்க வேலை செஞ்சுகிட்டு இருந்தா ரெண்டு நாள். ஒரு டிஸ்க் செத்தா மட்டும் தாங்குற ரெய்ட் 5-ன்னா அந்த நேரம் முழுக்க மிச்சம் 11 டிஸ்க்குல ஒரு துண்டு கூட வாசிக்க முடியாமப் போகக் கூடாது, அதாவது 88 டி.பி பிசகாம வாசிக்கணும். சாதாரண டிஸ்க்கோட அட்டைல போட்டிருக்கிறது 12.5 டி.பி வாசிச்சா ஒரு பிழை வரலாம்னு. நடைமுறைல அவ்வளவு மோசமில்ல, ஆனா அந்த 88-ஐ நம்பி அந்த அம்மாவோட செக்றோலை வைக்க எனக்குத் தைரியமில்ல. டிஸ்க் வாங்கும்போதும் ஹார்ட்வேர் கார்டுக்கு ஏத்த வகைதான் வேணும். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தை வாசிக்க ஒரு நிமிஷத்துக்கும் மேல மல்லுக்கட்டும், கார்ட் அவ்வளவு நேரம் பொறுக்காது, டிஸ்க் செத்துருச்சுன்னு வெளிய தள்ளிரும். நாஸுக்கும் (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) சர்வருக்கும்னு வர்ற டிஸ்க் ஏழு செக்கன் மாதிரி பாத்துட்டு முடியலன்னு ஒத்துக்கும், கார்ட் பாரிட்டில இருந்து எடுத்துக்கும்.

எங்க ஊர் குளிரைப் பத்தியும் ஒரு வார்த்தை. நுவரெலியா, ஹட்டன்ல சர்வருக்கு ஏ.சி எதுக்கு, ஃபேன் எதுக்குன்னு நானும் நெனச்சேன். ரெய்ட் கார்ட் சர்வர் கேஸுக்குள்ள வேகமா ஓடுற காத்தை நம்பிச் செஞ்ச சாமான், நிமிஷத்துக்கு 200 அடி வேகத்துல காத்து மேல படணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கும். வெளிய 14 டிகிரி இருந்தாலும் காத்து ஓடலன்னா அந்த ஹீட்சிங்க்ல விரல் வைக்க முடியாது, நான் வச்சுப் பாத்தேன். மேல ஏற ஏற காத்தும் மெல்லிசாகுது, நுவரெலியா 1,868 மீட்டர், அதே ஃபேன் அங்க கொஞ்சம் கம்மியாத்தான் சூட்டை எடுக்கும். டவர் கேஸ்ல போடுறதா இருந்தா கார்டுக்கு நேரா ஒரு தனி ஃபேன் கட்டுங்க. அடுத்தது ஈரம். ராவெல்லாம் கரண்ட் இல்லாமக் கெடந்த மிஷின் நல்லா குளுந்து போயிருக்கும், காலைல பனி விலகி காத்து சூடாகும்போது இரும்பு மட்டும் குளுந்தே இருக்கும், அது மேல ஈரம் வேர்க்கும். அதனால நீண்ட நேரம் ஆஃப்ல இருந்தா கரண்ட் வந்த உடனே போடாம ஜன்னலைத் திறந்து விட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்துப் போடுறோம். ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் இடி இடிக்கிற காலத்துல நெட்வொர்க் வயரையும் சேத்துக் கழட்டிருவோம், இடி கரண்ட் வயர்ல மட்டுந்தான் வரும்னு இல்ல.

இவ்வளவுக்கும் நடுவுல ஒரு பெரிய கேள்வி இருக்கு, ஹார்ட்வேர் ரெய்டே எதுக்கு. இப்ப நிறைய பேர் டிஸ்க்கை இணைக்க மட்டும் செய்யிற வெறும் எச்.பி.ஏ கார்ட் போட்டு, 9300-8ஐ மாதிரி, டிஸ்க்கை அப்படியே லினக்ஸுக்குக் குடுத்து சாஃப்ட்வேர்லயே ரெய்ட் பண்றாங்க. 2005-ல சன் கம்பனி வெளியிட்ட இசட்.எஃப்.எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம் (சரி பாக்கிற எண்) வச்சிருக்கு, டிஸ்க் தப்பா ஒரு பிட்டைக் குடுத்தாலும் கண்டுபிடிச்சு திருத்திரும், ரெய்ட் கார்ட் வழக்கமா அப்படி ஒவ்வொரு வாசிப்பையும் சரி பாக்காது. கார்ட் செத்தா எந்த எச்.பி.ஏ-வும் எந்த மதர்போர்டும் போதும். நான் மேல சொன்ன 'அடுத்த கார்ட் எங்க' பிரச்சினை அங்க கிடையவே கிடையாது. நெசமா சொல்றேன், இது என் வீட்டு மிஷினா இருந்தா அதைத்தான் போட்டிருப்பேன். ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, ரெய்ட் கார்டுல ரெய்ட் பண்ணி அதுக்கு மேல இசட்.எஃப்.எஸ் போடுறது. டிஸ்க்கை நேரா பாக்க முடியாம அது பாதிக் கண்ணோட வேலை செய்யும்.

ஆனா அந்த ரூமைப் பாத்துக்கிறது நான் இல்ல. ரிட்டயர் ஆன டீச்சர் அக்கா ஒருத்தர் தினமும் வந்து திறப்பாங்க, நான் மாசத்துல ரெண்டு தடவ போனா பெருசு. டிஸ்க் ஒண்ணு செத்தா சிவப்பு லைட் எரியும், பீப் அடிக்கும், அக்கா அந்த டிஸ்க்கை இழுத்துட்டு அலமாரில இருக்கிற புதுச சொருகுனா கார்ட் தானாவே கட்ட ஆரம்பிச்சிரும், கமாண்ட் ஒண்ணும் அடிக்க வேண்டாம், நான் போன்ல கிடைக்கலன்னாலும் வேலை நடக்கும். இதுக்காகத்தான் இங்க ஹார்ட்வேர் ரெய்ட். ரெண்டாவது கொப்பி கண்டில ஒரு நண்பர் இடத்துல எச்.பி.ஏ-வும் இசட்.எஃப்.எஸ்-உம் போட்ட பெட்டில இருக்கு, வாராவாரம் போகுது. ரெண்டு இடத்துலயும் ஒரே கோளாறு ஒரே நேரம் வரக் கூடாதுன்னுதான் வேணும்னே வேற வேற முறை வச்சிருக்கேன். ரெய்ட் எதுவா இருந்தாலும் ஆள் தெரியாம டிலீட் பண்ணுனா அதையும் ஒழுங்கா எல்லா டிஸ்க்குலயும் டிலீட் பண்ணிக் குடுக்கும், அதுக்கு இந்த ரெண்டாவது கொப்பி மட்டுந்தான் மருந்து.

கடைசில 9361-8ஐ ரெண்டு வாங்குனேன், ரெண்டும் 2 ஜி.பி, ரெண்டுக்கும் கேஷ்வால்ட்டோட. செகண்ட் ஹேண்ட்தான், ரெண்டும் சேந்தே அந்தத் தம்பி காட்ட இருந்த ஒரு புது கார்டை விடக் கம்மி. ரெண்டுலயும் ஒரே ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) வெர்ஷன் ஏத்துனேன்.

அதோட நிக்கல, ஒரு சனிக்கிழமை ஒத்திகை பாத்தோம். டேட்டா கொஞ்சம் ஏத்துன பிறகு, மிச்சமெல்லாம் இன்னும் கண்டில மட்டும் இருக்கும்போது. சர்வரை ஒழுங்கா ஷட் டவுன் பண்ணி, பிளக்கை உருவி, முதல் கார்டைக் கழட்டி மேசைல வச்சேன். ரெண்டாவதைச் சொருகி, ரெண்டு கேபிளையும் மாட்டி, கெபாசிட்டர் வயரை அந்தச் சின்ன வெள்ளைச் சாக்கெட்ல அழுத்துனப்ப டிக்குன்னு ஒரு சத்தம். போட்டேன். பீப் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஸ்கிரீன்ல இந்தக் கார்டுக்குத் தெரியாத கான்ஃபிகரேஷன் டிஸ்க்குல இருக்குன்னு வந்துச்சு, 'ஃபாரின்'னு சொல்லுவாங்க. அந்த இடத்துல ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு இம்போர்ட், இன்னொண்ணு கிளியர். ரெண்டும் மேலையும் கீழையுமா ஒட்டி ஒட்டி இருக்கு. அவசரத்துல ராத்திரி பத்து மணிக்கு டார்ச் லைட்ல ஒரு ஆள் இதைப் பாத்தா எதை அமுக்குவான்னு நெனச்சப்ப எனக்குக் கை கொஞ்சம் நடுங்குச்சு. கிளியர் குடுத்தா டிஸ்க் ஓரத்துல இருக்கிற அந்த விவரம் அழிஞ்சிரும். இம்போர்ட் குடுத்தேன். 12 டிஸ்க்கும் ஒண்ணொண்ணா ஆன்லைன்னு வந்துச்சு, லினக்ஸ் வந்துச்சு, ஃபோல்டர் திறந்துச்சு. அக்கா எட்டிப் பாத்துட்டு ஒரு போட்டோவைத் திறக்கச் சொன்னாங்க, பிறகு இன்னொண்ணு, பிறகு ஒரு 200 எம்.பி ஸ்கேன், அதைப் பெருசாக்கி ஓரத்துல இருக்கிற கையெழுத்து வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் சரின்னாங்க.

அன்னைக்கே ஒரு காயிதம் எழுதி சர்வர் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுனேன். கார்ட் மாடல், ஃபர்ம்வேர் வெர்ஷன், ரெண்டாவது கார்ட் இருக்கிற அலமாரி, கெபாசிட்டர் போட்ட தேதி, 'கிளியர் அமுக்காதீங்க, இம்போர்ட் மட்டும்', என் நம்பர், கண்டி நண்பர் நம்பர். அக்கா வாசிச்சுட்டு, "தம்பி, சிவப்பு லைட்டும் எரியாம, பீப் மட்டும் அடிச்சா எந்த டிஸ்க்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்ல டிஸ்க்கை இழுத்துட்டா?"ன்னு கேட்டாங்க. நான் அதை யோசிக்கவேயில்ல. ஒரு டிஸ்க் செத்துக் கெடக்கும்போது பக்கத்துல இருக்கிற நல்ல டிஸ்க்கை இழுக்கிறதுதான் ஆளுங்க பண்ற பெரிய தப்பு. உக்காந்து 12 டிஸ்க்கையும் வெளிய எடுத்து, ஒவ்வொண்ணோட சீரியல் நம்பர்ல கடைசி நாலு எழுத்தை லேபிள்ல எழுதி, டிரேயோட முகத்துல ஒட்டுனோம், அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். காயிதத்துலயும் ஒரு வரி சேத்தாச்சு: ஸ்கிரீன்ல வர்ற நாலு எழுத்தும் டிரேல இருக்கிற நாலு எழுத்தும் ஒத்துப் போனா மட்டும் இழுக்கவும்.